விடு மச்சான்: அலட்சியத்தைச் சொல்லும் மாணவர் பேச்சு

செமஸ்டர் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பொறியியல் கல்லூரி விடுதி ஒன்றின் தாழ்வாரத்தில் நடந்தால், ஏறக்குறைய ஒரே உரையாடல் அறைக்கு அறை காதில் விழும்.

"எத்தன போச்சு?"

"ரெண்டு."

"எது எது?"

"எம்-த்ரீ. அப்புறம் சர்க்யூட்ஸ்."

"ஃப்ரீயா விடு மச்சான். பாத்துக்கலாம்."

பேச்சு அதோடு கிரிக்கெட்டுக்கோ இரவுச் சாப்பாட்டுக்கோ போய்விடும். வருத்தம் தெரிவிப்பதில்லை, காரணம் கேட்பதில்லை, அறவுரை, அறிவுரை எதுவும் கிடையாது. இதைக் கேட்கும் பெற்றோரும் பேராசிரியர்களும், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் அக்கறை இல்லை" என்று எளிதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். சொற்களின் மேற்பரப்பை மட்டும் பார்த்தால் அந்த முடிவு சரி என்றுதான் தோன்றும். ஆனால் அந்தச் சொற்கள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன, யார் யாரிடம் சொல்கிறார்கள், எப்போது சொல்லாமல் விடுகிறார்கள் என்று பார்த்தால் வேறொன்று புலப்படும். தமிழ் மாணவர் பேச்சில் அலட்சியம் பெரும்பாலும் பேசுபவனின் மனநிலை பற்றிய அறிக்கையாக வருவதில்லை. எதிரே நிற்கும் நண்பனுக்குச் சொல்லும் ஏவலாகவே வருகிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

குழூஉக்குறியும் கூட்டாளிப் பேச்சும்

ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் உரிய சொல்லைத் தமிழ் இலக்கணம் எப்போதோ கண்டுகொண்டது. பவணந்தி முனிவரின் நன்னூல், தகுதி வழக்கின் மூன்று வகைகளில் ஒன்றாகக் குழூஉக்குறியைச் சொல்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் பள்ளிப் பாடநூல் வரை வந்துவிட்ட எடுத்துக்காட்டுகள். இவற்றின் நோக்கம் மறைப்பு. கடைக்கு வந்தவருக்குப் புரியக்கூடாது என்பதற்காகவே பொற்கொல்லருக்குத் தனிச்சொல் தேவைப்பட்டது.

மாணவர் பேச்சு இந்த வகைக்குள் பாதிதான் அடங்கும். 'லூஸ்ல விடு' என்பதன் பொருள் தெரியாத அப்பா தமிழ்நாட்டில் இன்று அரிது. அவரும் தம் கல்லூரி நாளில் அதையோ அதன் முந்தைய வடிவத்தையோ சொல்லியிருப்பார். இங்கே சொல்லின் வேலை மறைப்பதைவிட, 'நானும் நீயும் ஒரே கூட்டம்' என்று உறுதிப்படுத்துவது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்பித்த கானி எபிள் 1972 முதல் தம் மாணவர்களிடமிருந்து வழக்குச் சொற்களைத் திரட்டி, 1996-இல் ஒரு நூலாக எழுதினார். கல்லூரிப் பேச்சுவழக்கின் முதல் பயன் தகவல் பரிமாற்றம் அல்ல, கூடிவாழ்தல்தான் என்பது அவருடைய மையக் கருத்து. பாடங்களைப் பற்றிய சொற்களைவிட ஆட்களை எடைபோடும் சொற்களும், எதையும் இலகுவாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் சொற்களுமே அவரிடம் மிகுதியாக வந்து சேர்ந்தன.

எல்லாமே 'விடு'வில் முடிகிறது

தமிழ் மாணவர்கள் அலட்சியத்தைச் சொல்லப் பயன்படுத்தும் தொடர்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம்: ஃப்ரீயா விடு, லூஸ்ல விடு, டீல்ல விடு, ரைட்டு விடு, தண்ணி தெளிச்சு விடு, சும்மா விடு. முன்னால் நிற்கும் சொல் எங்கிருந்தெல்லாமோ வந்திருக்கிறது. 'ஃப்ரீ', 'லூஸ்' இரண்டும் ஆங்கிலம். 'ரைட்டு' பேருந்து நடத்துநரின் குரலிலிருந்து இறங்கி வந்தது: ஆள் ஏறியாயிற்று, இனி நிற்க வேண்டாம், வண்டி போகலாம் என்ற அதே பொருளோடு. 'டீல்' என்பதை ஆங்கிலப் பேரம் என்று நினைப்பவர்கள் உண்டு. பட்டம் விடுகிறவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். நூலைத் தளர்த்தி ஓடவிடுவதற்கு இந்தியில் ஏறக்குறைய இதே ஒலியுள்ள சொல் இருக்கிறது. சென்னையின் மொட்டை மாடிகளில் மாஞ்சா நூலோடு புழங்கிய சொல்லே கல்லூரிக்குள் வந்திருக்கும் என்று கருத இடமிருக்கிறது.

வந்த வழி எதுவானாலும் தொடருக்குள் நுழையும்போது ஒவ்வொன்றும் தமிழ் உடுப்பைப் போட்டுக்கொள்கிறது. 'ஃப்ரீ' தனியாக நிற்க முடியாது; 'ஆக' சேர்ந்து 'ஃப்ரீயா' ஆக வேண்டும். 'லூஸ்' ஏழாம் வேற்றுமை ஏற்று 'லூஸ்ல' ஆக வேண்டும். முடிவில் தமிழ் வினை வந்து உட்கார்ந்துகொள்கிறது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை முன்சொல் மாறுகிறது, பின்வினை மாறுவதில்லை.

அந்த வினையின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். பேச்சுத் தமிழில் 'விடு' துணைவினையாக வரும்போது தேய்ந்து போகிறது. வந்துவிட்டான் என்பது 'வந்துட்டான்' ஆகிறது. 'வி' மறைந்து 'ட்டு' மட்டும் மிஞ்சுகிறது. மேற்சொன்ன தொடர்களில் அது தேய்வதே இல்லை. முழு வினையாக, அழுத்தத்தோடு, ஏவலாக நிற்கிறது. பிடித்துக்கொண்டிருப்பவனிடம்தான் 'விடு' என்று சொல்ல முடியும். ஆகவே 'ஃப்ரீயா விடு' என்று சொல்கிறவன், நண்பனுக்கு வருத்தம் இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறான். அந்த ஒப்புதலை வெளிப்படையாகச் சொல்லாமல் வினைக்குள் வைத்துச் சொல்வதில்தான் இந்தத் தொடரின் நாகரிகம் இருக்கிறது.

இதே வேலையைச் செய்யும் மற்றத் தொடர்களும் ஏவல்களே. 'கண்டுக்காத', 'ஃபீல் பண்ணாத', 'மனசுல வெச்சுக்காத', 'சில் பண்ணு' என்று எல்லாமே முன்னிலையில் இருப்பவனைப் பார்த்துச் சொல்பவை. இவற்றில் 'கண்டுக்காத', 'வெச்சுக்காத' இரண்டிலும் 'கொள்' என்ற துணைவினை ஒளிந்திருக்கிறது. நிகழ்ந்ததைத் தனக்குள் எடுத்துக்கொள்ளாதே என்பதுதான் அங்கே தடுக்கப்படுவது. பேப்பர் போனது போனதுதான். அதை உள்ளே கொண்டுபோகாதே.

பழைய இலக்கணம், புதிய சொற்கள்

இளைஞர் பேச்சு என்றாலே புதிதாகப் புனைந்தது என்று நினைக்கிறோம். அலட்சியத்தைச் சொல்வதற்கான கருவிகளைத் தமிழ் மாணவர்கள் பெரும்பாலும் பாட்டிமாரிடமிருந்தே பெற்றிருக்கிறார்கள்.

முதல் கருவி, இரண்டு மாற்றுகளை எதிரெதிரே வைத்து இரண்டும் ஒன்றுதான் என்று சமன் செய்வது. 'ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன' என்ற பழமொழியின் அச்சு அது. 'இன்டர்னல்ல மார்க் போட்டா என்ன, போடாட்டி என்ன' என்பதும் அதே அச்சில் வார்த்ததுதான். ஆள்கிறவர்கள் மாறினாலும் தன் பாடு மாறாது என்று கண்ட குடியானவனின் வாக்கியம், மதிப்பெண் போடும் அதிகாரத்தின் முன் நிற்கும் மாணவனுக்கும் பொருந்திவிடுகிறது. இரண்டு இடத்திலும் பேசுபவனுக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, எதிரொலிச் சொல். 'பாஸாவது கீஸாவது', 'அட்டெண்டன்ஸாவது கிட்டெண்டன்ஸாவது' என்று முதலசையைக் 'கி' அல்லது 'கீ' ஆக்கி இரட்டிப்பது. திராவிட மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான இந்த உத்தியைப் பற்றி, நீலகிரியில் தொதவர், கோத்தர் மொழிகளை ஆய்ந்த மர்ரே எமனோ, நாட்டுப்புறக் கதைகளில் அது வரும் விதத்தை வைத்து 1938-இலேயே ஒரு கட்டுரை எழுதினார். 'காபி கீபி' என்னும்போது 'காபி முதலானவை' என்று பொருள்படும் இந்த வடிவம், 'ஆவது' சேர்ந்ததும் ஏளனமாகத் திரும்பிவிடுகிறது. பொருளே இல்லாத ஓர் ஒலியை அட்டெண்டன்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டுக்கும் ஒரே மரியாதை என்று காட்டிவிடுகிறது. எந்த ஆங்கிலச் சொல் புதிதாக வந்தாலும் இந்த உத்திக்குள் மறுநாளே நுழைந்துவிடும்.

மூன்றாவது, துணைவினைகள். வினையின் காலத்தையோ முடிவையோ சொல்லாமல், பேசுபவரின் மனப்பான்மையை மட்டும் சொல்லும் துணைவினைகள் தமிழில் உண்டு. 'வந்து தொலை' என்பதில் வருகையைப் பற்றிய செய்தி 'வா'வில் முடிந்துவிட்டது. 'தொலை' சொல்வது எரிச்சலை. இ. அண்ணாமலை 1985-இல் வெளியிட்ட தமிழ்த் துணைவினை ஆய்வும், ஹெரால்ட் ஷிஃப்மனின் 1999-ஆம் ஆண்டுப் பேச்சுத் தமிழ் இலக்கணமும் இவற்றை விரிவாகப் பேசுகின்றன. அலட்சியத்துக்கு உரியவை 'கிட'வும் 'போ'வும். 'அவன் கெடக்கிறான் விடு' என்பதில் அவன் எங்கும் படுத்துக் கிடக்கவில்லை. நம் கவனத்துக்கு வெளியே இருக்கிறான். 'போனா போயிட்டுப் போகுது' என்பதில் 'போ' மூன்று முறை வருகிறது. முதலிரண்டும் பேப்பர் போவதைச் சொல்கின்றன. மூன்றாவது, போவதற்கு நாம் அளிக்கும் அனுமதி. தடுக்க முடியாத ஒன்றுக்கு அனுமதி கொடுத்துவிட்டால், தோற்றவன் சற்று நேரமாவது முடிவெடுத்தவன் ஆகிறான்.

தோல்விக்குப் புதுக் கணக்கு

விடச் சொல்வது ஒரு வழி என்றால், விட வேண்டிய பொருளைச் சிறிதாக்கிக் காட்டுவது இன்னொரு வழி. சப்ப மேட்டர், ஜுஜுபி, பிஸ்கோத்து, பிசாத்து ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன. பேராசிரியர் மேடைக்கு அழைத்துத் திட்டியதும், காதல் முறிந்ததும், லேப் ரெக்கார்டு தொலைந்ததும் இங்கே ஒரே தராசில் ஏறி ஒரே எடையாக இறங்குகின்றன.

இந்தச் சுருக்கும் கலை மிக நுட்பமாக வெளிப்படும் இடம், தேறாமல் நிற்கும் பேப்பருக்குச் சொல்லும் 'அரியர்'. கேரளத்துப் பொறியியல் மாணவர்கள் இதைச் 'சப்ளி' என்கிறார்கள், மும்பையில் 'கேட்டி'. தமிழ்நாடு எடுத்துக்கொண்டது வங்கிக் கணக்கிலும் சம்பளப் பட்டியலிலும் புழங்கும், நிலுவை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை. நிலுவை என்றால் தோல்வி இல்லை, இன்னும் கட்டாத பாக்கி. அதற்கேற்ப வினைகளும் அமைந்தன. 'எத்தனை பேப்பரில் தோற்றாய்' என்று எந்த மாணவனும் கேட்பதில்லை. 'எத்தன அரியர் வெச்சிருக்க?' என்று கேட்கிறான். வைத்திருத்தல் என்பது உடைமைக்கு உரிய வினை. நிலம், வண்டி வைத்திருப்பதைப் போலவே மூன்று அரியரும் வைத்திருக்க முடிகிறது. அதை எழுதி முடிப்பதும் 'பாஸ் பண்ணுவது' ஆகாது; 'கிளியர் பண்ணுவது', அதாவது பாக்கியைத் தீர்ப்பது. சில கல்லூரிகளில் அரியருக்கு 'கப்பு' என்றும் பெயர். விளையாட்டில் வென்றவன் வாங்கும் அதே கோப்பை. 'அரியர் இல்லாதவன் அரை மனிதன்' என்ற கல்லூரி மொழி இந்தக் கணக்கை ஒரு படி மேலே கொண்டுபோய், தேறியவனைக் குறையுள்ளவனாக்கி விடுகிறது.

இங்கேதான் 'பாத்துக்கலாம்' வந்து சேர்கிறது. மாணவர் பேச்சின் அலட்சியச் சொற்களில் இதைவிட முக்கியமான ஒன்று இல்லை. கவனித்துப் பார்த்தால் இது அலட்சியமே இல்லை. 'பார்' என்பது ஒரு வேலையைக் கையில் எடுப்பது. 'கொள்' அதைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்வது. 'லாம்' பேசுபவனையும் கேட்பவனையும் சேர்த்துக்கொள்ள இடம் தருவது. 'நீ பாத்துக்கோ' என்றால் தட்டிக்கழிப்பு. 'பாத்துக்கலாம்' என்றால் அடுத்த நவம்பரில் அந்த எம்-த்ரீ கணிதத் தாளை எழுதும்போது பக்கத்து அறைக்காரனும் சேர்ந்து கணக்குப் போடுவான் என்ற வாக்குறுதி. பல விடுதிகளில் அந்த வாக்குறுதி தேர்வுக்கு முந்தைய இரவு, யூனிட் இரண்டையும் நான்கையும் மட்டும் படித்தால் போதும் என்று நண்பன் நடத்தும் அவசர வகுப்பாக நிறைவேறவும் செய்கிறது.

அண்ணனிடம் சொல்லாதது

'ஃப்ரீயா விடு' யாரிடம் சொல்லப்படுகிறது என்பதற்குத் தொடரின் கடைசிச் சொல்லே சாட்சி: மச்சான், மச்சி, மாமா, மாப்ள. எல்லாம் கொண்டு கொடுக்கும் முறையில் வரும் உறவுப் பெயர்கள். பங்காளி முறையில் வரும் 'அண்ணா' இந்தத் தொடரில் ஒட்டுவதில்லை. மூத்த மாணவனை 'அண்ணா' என்று அழைக்கும் ஜூனியர், 'ஃப்ரீயா விடுங்கண்ணா' என்று சொன்னால் அது துணிச்சல் அல்லது நெடுநாள் நெருக்கம்.

சில உறவுகளில் கேலி செய்ய உரிமை உண்டு, கேலி செய்யப்பட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்ற கடமையும் உண்டு என்று மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் எழுதினார். தமிழ்க் குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாமன் மச்சான் பேச்சில் எந்த வரம்பும் மீறலாம். அப்பா, அண்ணன் முன்னால் குரல் தாழும். வெவ்வேறு ஊரிலிருந்தும் சாதியிலிருந்தும் வந்து ஒரே அறையில் தங்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் மச்சான் என்று அழைக்கத் தொடங்கும்போது, இரத்தத்தில் இல்லாத அந்த உரிமையை வாங்கிக்கொள்கிறார்கள். மற்றவனின் தோல்வியைச் சிறிதாக்கிப் பேச அந்த உரிமை வேண்டும். வேறு யாராவது 'ரெண்டு பேப்பர்தானே' என்று சொன்னால் அவமானமாகும். பெண்கள் விடுதிகளிலும் 'மச்சி'யும் 'டா'வும் இன்று சாதாரணம். 'விடு டீ', 'விடுப்பா' என்பவையும் அதே வேலையைச் செய்கின்றன.

வீட்டில் இதே மாணவனின் இலக்கணம் மாறிவிடுகிறது. அம்மா தொலைபேசியில் திட்டினால், 'ஃபெயிலானா ஆயிட்டுப் போறேன், இப்ப என்ன?' என்பான். அங்கே ஏவல் இல்லை, தன்மை வினை வருகிறது. அதைக் கேட்ட எந்த அம்மாவும் மகன் அலட்சியமாக இருக்கிறான் என்று நினைப்பதில்லை. வீம்பு பிடிக்கிறான், உள்ளே நொந்திருக்கிறான் என்றே சரியாகப் புரிந்துகொள்கிறாள். அப்பாவிடம் அந்த வீம்பும் கிடையாது. 'சரிப்பா' என்ற ஒரு சொல், பிறகு மௌனம்.

உழைப்பை ஒளிப்பவர்கள்

தேர்வு அறைக்கு வெளியே கேட்கும் இன்னொரு தொடர்: 'ஒண்ணுமே படிக்கல மச்சான்.' விடிய விடியப் படித்தவனும் இதைச் சொல்வான். 1978-இல் ஸ்டீவன் பெர்க்லாஸும் எட்வர்ட் ஜோன்ஸும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து நடத்திய ஒரு சோதனை இதற்கு வெளிச்சம் தருகிறது. சிலருக்கு விடையே இல்லாத கணக்குகளைக் கொடுத்து, நன்றாகச் செய்ததாகப் பாராட்டினார்கள். அடுத்த தேர்வுக்கு முன் இரண்டு மருந்துகளைக் காட்டி, ஒன்று அறிவைக் கூர்மையாக்கும், மற்றது மந்தமாக்கும், எது வேண்டும் என்று கேட்டார்கள். எப்படி வென்றோம் என்றே தெரியாத அந்த மாணவர்களில், குறிப்பாக ஆண்கள், மந்தமாக்கும் மருந்தை நாடினார்கள். தோற்றால் மருந்தின் மீது பழி. வென்றால் மருந்தையும் மீறிய திறமை. 'ஒண்ணுமே படிக்கல' என்பதும் அந்த மருந்துதான். செலவில்லாமல் கிடைக்கிறது.

தனிமனிதக் கணக்கோடு இது நின்றுவிடுவதில்லை. கூட்டத்தின் கண்காணிப்பும் இருக்கிறது. வெளிப்படையாக உழைப்பவனுக்குப் 'படிப்ஸ்' என்று பெயர். தமிழ்ப் பெயர்ச்சொல்லின் வாலில் ஆங்கிலப் பன்மையை ஒட்டிச் செய்த இந்தச் சொல்லுக்கு உலகமெங்கும் உறவினர்கள் உண்டு. பிரிட்டனில் வியர்வையைக் குறிக்கும் சொல்லின் திரிபான 'ஸ்வாட்', 19-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்கக் கல்லூரிகளில் இருந்த 'கிரைண்ட்' இரண்டும் படிப்பாளியைக் கேலி செய்தவை. மதுரையிலும் சென்னையிலும் கல்லூரி மாணவர்களோடு தங்கி ஆய்வு செய்த கான்ஸ்டன்டைன் நகாசிஸ், 2016-இல் வெளியான தம் நூலில் 'ஸ்டைல்' என்ற சொல்லைச் சுற்றி நடக்கும் இந்த அரசியலை விவரிக்கிறார். ஸ்டைல் காட்டாதவன் சின்னப் பையன். மிகையாகக் காட்டினால் 'ஓவர் ஸ்டைல்', 'சீன் போடுறான்'. அலட்சியத்துக்கும் இதே விதிதான். முயற்சி வெளியே தெரியக்கூடாது. அலட்சியத்துக்காக முயல்வதும் தெரியக்கூடாது. இந்தத் தேர்ச்சிக்குப் பெயர் 'அசால்ட்டு'. ஆங்கிலத்தில் தாக்குதலைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஒலித்து, தமிழில் அதற்கு நேரெதிராக, அலட்டிக்கொள்ளாத எளிமையைக் குறிக்கிறது. 2014-இல் வந்த 'ஜிகர்தண்டா'வில் பாபி சிம்ஹா நடித்துத் தேசிய விருது வாங்கிய தாதாவின் பெயரிலேயே அது ஏறி உட்கார்ந்தது. சினிமா இந்தச் சொற்களைத் தெருவிலிருந்து எடுத்து, பல மடங்காகத் திருப்பித் தருகிறது. 1994-இல் 'காதலன்' படத்தின் ஊர்வசிப் பாட்டு 'டேக் இட் ஈஸி'யை ஊரெங்கும் பரப்பியது. 2005-இல் 'ஆறு' படத்தில் 'ஃப்ரீயா விடு' என்பதே ஒரு பாட்டாயிற்று.

ஆனால் எல்லா ஊர் அலட்சியமும் ஒன்றல்ல. அமெரிக்காவின் பழைய பல்கலைக்கழகங்களில் 'கனவானின் சி' என்ற வழக்கு இருந்தது. பணக்கார வீட்டுப் பையன் சராசரி மதிப்பெண்ணோடு திருப்தியடைவான். அப்பாவின் நிறுவனம் அவனுக்காகக் காத்திருக்கும். அவனுடைய அலட்சியத்துக்கு முதலீடு பின்னால் இருந்தது. பால் வில்லிஸ் 1977-இல் எழுதிய நூலில் வரும் இங்கிலாந்துத் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் வேறு ரகம். ஆசிரியர் சொல்வதைக் கேட்கும் மாணவர்களைக் 'காதுத்துளைகள்' என்று ஏசிய அவர்கள், பள்ளியை உண்மையாகவே உதறிவிட்டு, அப்பன்மார் பார்த்த ஆலை வேலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். மீரட்டில் ஆய்வு செய்த கிரெய்க் ஜெஃப்ரி 2010-இல் 'டைம்பாஸ்' என்ற சொல்லையே தம் நூலின் தலைப்பாக்கினார். பட்டத்தின் மேல் பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல் டீக்கடை முனையில் நிற்கும் இளைஞர்களின் சொல் அது.

தமிழ்நாட்டு அரியர் மாணவன் இவர்களில் எவனும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இயங்கிய ஆண்டுகளில் உள்ளே வந்தவர்களில் பலர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழும் கல்விக் கடனும் கையில் இருந்தன. பள்ளியில் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் சர்க்யூட்ஸ் எழுத வேண்டியிருந்தது. இவனுக்குப் பின்னால் நிறுவனமும் இல்லை, திரும்பிப்போக ஆலை வேலையும் இல்லை. உதறிவிடக் கட்டுப்படியாகாத ஒன்றைப் பற்றித்தான் நண்பர்கள் 'விடு' என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

எனக்கும் உனக்கும் இடையே

மாணவர் பேச்சிலிருந்து பொது வழக்குக்கு ஏறிய அலட்சியத் தொடர்களில் ஜெர்மனியின் தொத்திறைச்சி புகழ்பெற்றது. ஃபிரீட்ரிஷ் க்லூகெ ஜெர்மன் மாணவர் மொழிக்கென்றே 1895-இல் ஒரு நூல் எழுதும் அளவுக்கு அங்கே அந்த மரபு செழித்திருந்தது. 'எனக்கு அது தொத்திறைச்சி' என்று மாணவர்கள் சொன்னதிலிருந்து 'வுர்ஷ்டிக்கைட்' என்று அலட்சியத்துக்கு ஒரு பண்புப்பெயரே பிறந்தது. கோட்டிங்கன் பல்கலைக்கழக மாணவராக இருந்த பிஸ்மார்க் அதை அரசியல் மேடை வரை கொண்டுபோனார். பிரெஞ்சில் 'எனக்கு அதைப்பற்றி மயிரளவும் கவலையில்லை' என்ற பொருள்பட்ட கொச்சைத் தொடர் ஒரு கொள்கைப் பெயராகவே உருமாறியது. ஆங்கிலத்தின் 'ஐ டோன்ட் கேர்' எல்லோரும் அறிந்தது. மூன்றிலும் எழுவாயோ உரிமையாளனோ 'நான்'. ஆங்கிலத்தின் 'வாட்எவர்' நானை விட்டுவிட்டாலும், கேட்பவனோடு பேச்சை முறித்துக்கொள்கிறது. 2009-இல் மாரிஸ்ட் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்கள் அதையே மிக எரிச்சலூட்டும் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது அதனால்தான் போலும்.

தமிழிலும் 'எனக்கென்ன' உண்டு. ஆனால் அது சண்டைக்குரிய சொல். நண்பன் தோற்று நிற்கும்போது 'எனக்கென்ன' என்று சொன்னவன் நண்பனாக நீடிக்க மாட்டான்.

அலட்சியம் வெறும் பேச்சு என்பதற்கு 2020 ஆகஸ்ட் ஒரு பொதுச் சோதனையாக அமைந்தது. கொரோனாக் காலத்தில், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்த அரியர் மாணவர்கள் எழுதாமலே தேர்ச்சி பெற்றதாகத் தமிழக அரசு அறிவித்தது. 'அரியர்தானே, சப்ப மேட்டர்' என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தவர்கள் ஊருக்கு ஊர் முதலமைச்சருக்கு நன்றி சொல்லிச் சுவரொட்டி ஒட்டினார்கள், பதாகை கட்டினார்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு எதிர்ப்புத் தெரிவித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. அந்தத் தேர்வு ரத்தை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி அது சரியா என்பது வேறு விவாதம். கவனிக்க வேண்டியது அந்தச் சுவரொட்டிகளின் மகிழ்ச்சியை. கவலையே இல்லாதவனுக்கு விடுதலை கிடைத்தால் கொண்டாடத் தோன்றாது.

ஆகவே, இந்தப் பேச்சைக் கேட்டுக் கவலைப்படும் பெற்றோரும் ஆசிரியர்களும் சொல்லைவிட அதன் முகவரியைக் கவனிப்பது நல்லது. 'ஃப்ரீயா விடு மச்சான்', 'பாத்துக்கலாம்' என்பவை புழங்கும் இடத்தில் சொல்ல ஒருவனும் கேட்க ஒருவனும் இருக்கிறார்கள். தோல்வியை அவர்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மாணவனின் பேச்சில் மச்சான் உதிர்ந்து, ஏவல் உதிர்ந்து, 'எனக்கு எல்லாம் ஒண்ணுதான்' என்ற தன்மைத் தொடர் மட்டும் மிஞ்சினால்தான் எச்சரிக்கை தேவை. விடச் சொல்ல ஆள் இல்லாதவன் சொல்லும் வாக்கியம் அது. அவனுக்கு அறிவுரை பிறகு சொல்லலாம். முதலில் யாராவது ஒருவர் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும்.